லாம்பு இல்லாத சைக்கிள்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்ற சொல்லைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் ஊர் என்றவுடன் நினைவுக்கு வருவது கீரிமலை. அங்கே கேணி இருக்கின்றது, கடல் இருக்கின்றது, நகுலேஸ்வரம் இருக்கின்றது. மலை மட்டும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மீது தட்டையாகப் பரந்து கிடக்கும் இந்த நிலத்தில் ஒரு பனையின் உயரத்துக்கு மேல் எந்த மேட்டையும் காண்பதரிது. ஆகவே 'மலைச் சைக்கிள்' என்பது எங்களூரில் கடைக்காரர்களின் விற்பனைப் பெயராக மட்டுமே இருந்து வந்தது. தடித்த ரயரும் கியரும் வளையாத ஹான்டிலும் கொண்ட சைக்கிள்கள் யாவும் எங்களுக்கு 'மவுண்டன் பைக்' தான். அவற்றிற் பெரும்பாலானவை ஏறிய மிகப் பெரிய மலை ஏதாவதொரு மதகாகத்தான் இருக்கும்.

அந்தச் சைக்கிள் பிறந்த இடம் வேறு. கலிபோர்ணியாவின் மரின் மாவட்டத்தில் ரமல்பைஸ் என்றொரு மலை உண்டு. (பெயரைக் கேட்டதும் நம்மவர் எவரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புறப்பட்டுவிட வேண்டாம். அது அங்குள்ள மிவோக் பழங்குடியினரின் சொல்; தமிழோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.) 1970களில் அப்பகுதி இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட கனத்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடி வாங்கி, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டப்பட்ட மண்பாதைகளில் மேலிருந்து கீழே ஓட்டத் தொடங்கினர். 1976 ஒக்டோபர் 21 இல் முதலாவது பந்தயம் நடந்தது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். பின்சில்லின் குடத்துக்குள் இருக்கும் பிறேக் சூடேறி அதிலுள்ள கிறீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். 'மீள அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபக்' என்ற பெயர் அப்பந்தயத்துக்கு அப்படித்தான் வந்தது. பின்னர் அது உலகமெங்கும் பரவி, 1992 இல் மேற்கு வேர்ஜீனியாவில் 24 மணிநேரப் பந்தயமாகவும் வளர்ந்தது. தலையிலும் ஹான்டிலிலும் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிய விடியக் காட்டுப் பாதைகளில் ஓடுவது அதன் பின் ஒரு தனிச் சுவையாகிவிட்டது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் சிலரும் இதில் ஈடுபாடு கொண்டிருப்பதாக அறிகின்றேன். நல்லதே.

ஆயினும், அதே 1992 ஆம் ஆண்டில், அவர்களுடைய தாய் தந்தையர் இரவில், மண்பாதையில், மணலிலும் சேற்றிலும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கியர் இருக்கவில்லை. விளக்கும் இருக்கவில்லை, இருந்தாலும் ஏற்றவில்லை. அதற்கு எவரும் ஒரு விளையாட்டின் பெயரைச் சூட்டவுமில்லை, அதன் வரலாற்றை எழுதவுமில்லை. போரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் படை நடவடிக்கைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மக்கள் அந்த நாட்களில் எதன்மீது ஏறி, எந்த வழியாக, எந்த நேரத்தில் போய் வந்தார்கள் என்பதைத் தேடினால் ஒரு பந்திகூட அகப்படுவதில்லை.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1885 இல் ஸ்ரார்லி என்பவர் இங்கிலாந்தில் செய்த 'ரோவர்' சைக்கிள்தான் இன்றைய சைக்கிளின் மூதாதை. 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1876 இல், பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டுவிட்டன. ஆக, சைக்கிள் இந்நாட்டுக்கு வந்தபோது அதன் ரயருக்கான மரம் இங்கே தயாராக நின்றது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் பெருமைக்குரிய உடைமையாக றலி, ஹம்பர் போன்ற பெயர்கள் நிலைத்தன. மகளுக்குச் சீதனம் பேசும்போது சைக்கிளும் ஒரு வரியாக இடம்பெற்ற காலமொன்று இருந்தது. தமிழ்க் காங்கிரஸ் தன் தேர்தற் சின்னமாகச் சைக்கிளைக் கொண்டிருந்ததையும் இங்கு நினைவூட்டலாம்.

விளக்கின் கதை தனிக் கதை. முதலில் மண்ணெண்ணெய் லாம்பு. பின்னர் கார்பைட் லாம்பு வந்தது. மேற்தட்டில் நீர், கீழ்த்தட்டில் கல்சியம் கார்பைட். நீர் துளித்துளியாக விழ எழும் அசற்றலீன் வாயு வெண்ணிறச் சுவாலையுடன் எரியும். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, நாற்றத்துக்கும் குறைவில்லை. அதன் பின்னர் டைனமோ. ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் போத்தல் வடிவான அந்தச் சிறு இயந்திரம் ஆறு வோல்ற், மூன்று வாற் அளவில் மின்சாரம் தரும். மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. உள்ளூராட்சி சபையில் வரி கட்டிச் சைக்கிளுக்கு இலக்கத்தகடு வாங்குவதும், இருட்டிய பின் லாம்பு இல்லாமல் ஓடினால் பொலிசாரிடம் அகப்பட்டு நீதிமன்றம் போவதும் எங்கள் தந்தையர் காலத்தில் சாதாரண நிகழ்வுகள். 'டபிள்ஸ்' போனாலும் வழக்கு. லாம்பில்லாமல் டபிள்ஸ் போனவனின் கதி பற்றிச் சந்தி தோறும் ஒரு நகைச்சுவைக் கதை இருந்தது.

அன்றைய பிரித்தானியச் சைக்கிள்களில் ஒரு சிறு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். பின் மட்கார்ட்டின் அடிப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பூச்சு இருக்கும். இங்கிலாந்து வீதிச் சட்டம் 1930களில் விதித்த ஏற்பாடு அது. பின்னால் வரும் வாகனத்துக்கு இருட்டில் சைக்கிளைக் காட்டிக் கொடுப்பதற்கான வெள்ளை. இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்புக் காலத்தில் அந்த வெள்ளை இங்கிலாந்தில் உயிர்காத்ததாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு வேலை வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இரவுப் பயணம் எங்களவர்க்குப் புதியதன்று. கோயில் திருவிழாக்களும் விடிய விடிய நடந்த கூத்துகளும் இசைநாடகங்களும் எத்தனையோ பேரை நள்ளிரவில் சைக்கிளில் ஏற்றின. நடிகமணி வி.வி.வைரமுத்துவின் மயானகாண்டம் நடக்கின்றதென்றால் ஐந்தாறு மைல் தூரத்திலிருந்தும் வருவார்கள். சன்னதிக்குப் போவோர் வல்லைவெளியைக் கடக்க வேண்டும். ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை, இருபுறமும் வெறும் தரவையும் நீரும். வல்லை முனியப்பர் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டே பலரும் தொடர்ந்து செல்வர். எதிர்க்காற்று ஆளைச் சைக்கிளோடு சேர்த்துத் தள்ளும். பேய் பற்றிய கதைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அக்காலத்தில் இரவுக்கு அஞ்ச வேண்டியது பேய்க்கு மட்டும்தான் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கையில் பொறாமையாக இருக்கின்றது.

1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் மீண்டும் போர் மூண்டது. அம்மாதத்துடன் யாழ்தேவி குடாநாட்டுக்கு வருவது நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைய 2014 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயும் தங்கத்தின் விலைக்கு வந்தபோது, வசதி படைத்தவர், படைக்காதவர் என்ற பேதமின்றி எல்லோரும் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தனர். வைத்தியரும் சைக்கிளில், பேராசிரியரும் சைக்கிளில், மீன் விற்பவரும் சைக்கிளில். வெங்காயமும் விறகும் ஓர் அந்தர், இரண்டு அந்தர் என்று கரியரில் ஏறின. பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைக் குறைவாகப் பேசிய வாய்கள் அந்த ஐந்தாண்டுகளில் மூடிக்கொண்டன. இதைச் சமூக மாற்றம் என்று ஆய்வாளர்கள் எழுதலாம். தாயைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மந்திகை ஆஸ்பத்திரிக்கு மிதித்த மகளுக்கு அது வேறு வழியில்லாமை.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் கடக்க முடியாது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணிநேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். உடுத்த உடையும் கையிற் கொஞ்சப் பணமும் தவிர மற்ற அனைத்தும் பறிக்கப்பட்டன. நகரின் இரும்புச் சாமான் வியாபாரத்தில் அவர்களுக்குப் பெரும் பங்கிருந்தது. சைக்கிளே சகலமும் என்றாகிவிட்ட ஒரு நகரத்திலிருந்து அவர்கள் கால்நடையாகவும் லொறிகளிலும் அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய சைக்கிள்கள் இங்கே நின்றன. பின்வந்த ஆண்டுகளில் நாங்கள் மிதித்துத் திரிந்த சைக்கிள்களுள் அவையும் இருந்திருக்கும் என்பதை எங்கள் தியாகக் கதைகளைச் சொல்லும் எவரும் குறிப்பிடுவதில்லை.

அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். எங்கள் வீட்டில் ஜாம்போத்தல் விளக்கு ஒன்று எரியும். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயினூடாக ஒரு நூல்திரி. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. சைக்கிள் டைனமோவுக்கோ வேறு வேலை வந்தது. சைக்கிளை இரட்டை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை எடுத்து, டயோட்டும் கண்டென்சரும் இணைத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுப்பார்கள். ஒருவர் ஏறி மிதிக்க, ஊர் கூடியிருந்து பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாசும் கேட்கும். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கம்மும். முக்கியமான இடத்தில் குரல் தேய, "தம்பி, உழக்கு, உழக்கு!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின் எத்தனையோ செய்தி அறைகளில் இருந்திருக்கின்றேன். செய்தியைப் பெறுவதற்கு அவ்வளவு உழைத்த கூட்டத்தை வேறெங்கும் கண்டதில்லை.

வீதியில் டைனமோ போட்டால் ஆபத்து. ஹெலிகொப்டர்கள் இரவிலும் வரும். மக்கள் 'சகடை' என்று பெயரிட்டிருந்த சரக்கு விமானமும் வரும். கீழே நகரும் வெளிச்சம் எதுவாயினும் அது இலக்குத்தான். வேலிக்குள் இருந்து யாராவது ஒரு கிழவர் குரல் கொடுப்பார்: "ஆர் தம்பி அது? லைற்றை நூருங்கோ!" விளக்கில்லாமல் ஓடியதற்குத் தகப்பனுக்குத் தண்டம் விதித்த அதே வீதியில் மகன் விளக்கோடு ஓடியதற்கு ஏச்சு வாங்கினான்.

இருட்டில் ஓடுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. வீட்டு விளக்கிலிருந்து வெளியே வந்தவுடன் எதுவும் தெரியாது. இருபது நிமிடம், அரை மணித்தியாலம் போனால் கண் பழகும். பாதையை நேரே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். கண்ணின் நடுப்பகுதியிலும் பார்க்க அதைச் சுற்றியுள்ள கலங்களே மங்கல் ஒளியை உணர்வன என்ற அறிவியல் விளக்கத்தைப் பின்னரே படித்தேன். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தவர் பள்ளிக்கூடம் கண்டிராத ஒரு சைக்கிள் வியாபாரி. மணல் வெளுப்பாகத் தெரியும், குழி கறுப்பாகத் தெரியும், நீர் வானத்தின் நிறத்தில் தெரியும். ஒழுங்கையில் எதிரே வருபவரை அறிய மணியடிக்க முடியாது. அடிக்கடி செருமிக்கொண்டு போவோம். சுருட்டுப் புகைப்பவர் தூரத்திலேயே தெரிவார். கூட்டமாகப் போகையில் முன்னால் போகும் சைக்கிளின் பின் மட்கார்ட்டிலுள்ள வெள்ளைப் பூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் போவார். வெள்ளை இல்லாத சைக்கிளின் கரியரில் ஒரு வெள்ளைத் துணித்துண்டு கட்டப்படும். இங்கிலாந்துச் சட்டவாக்கத்தினர் இந்தப் பயன்பாட்டை நினைத்திருக்க மாட்டார்கள்.

ரயரும் ரியூப்பும் கிடைப்பதரிது. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த்துண்டை வைத்துத் தைத்து ஓடினார்கள். ரியூப்பில் ஒட்டின் மேல் ஒட்டு. மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய முதியவர்கள் அக்காலத்திலும் சிலர் உயிரோடிருந்தனர். 1941-42 இல் யப்பானியர் சைக்கிளில் மலாயாவைக் கடந்து வந்தபோது, ரயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓடினார்கள் என்றும், அந்த இரைச்சலைக் கேட்டு எதிர்த்தரப்பினர் தாங்கிகள் வருவதாக மிரண்டார்கள் என்றும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஆனால் மணலில் ரிம் ஓடாது. அது புதையும்.

மணல் என்றால் வடமராட்சி கிழக்கு. நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி என்று நீளும் அக்கரையோரத்தில் பாதை எங்கே, மணல்வெளி எங்கே என்று பகலிலேயே பிரித்தறிவது கடினம். ரயரில் காற்றைக் குறைத்தால் சற்று மிதக்கும். அடம்பன்கொடியும் புல்லும் பிடித்திருக்கும் ஓரத்தால் ஓடினால் இன்னும் நல்லது. மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும். ஹான்டிலைத் திடீரென்று திருப்பினால் முன்சில்லு புதைந்து ஆளைத் தூக்கி எறியும்.

ஆனையிறவு இராணுவத்தின் வசம் இருந்தது. 1991 ஜூலையில் அதற்காக நடந்த பெருஞ்சமரின்போது வெற்றிலைக்கேணியிலும் இராணுவம் தரையிறங்கியது. அதே ஆண்டில் பூநகரியிலும் முகாம் அமைந்ததுடன் சங்குப்பிட்டித் துறையும் அடைபட்டது. குடாநாட்டிலிருந்து வன்னிக்குச் செல்ல நேர்வழி ஒன்றுமில்லை. ஆனையிறவுக்குக் கிழக்கே கொம்படி - ஊரியான் வழியாக, நீரேரியின் ஆழமற்ற பகுதிகளினூடாக மக்கள் போய் வந்தனர். கோடையில் உப்பும் சேறும். மாரியில் இடுப்பளவு நீர். சைக்கிளை உருட்ட முடியாத இடத்தில் தோளிலே சுமந்தார்கள். செயினுக்குள் புகுந்த உப்புச்சேறு காய்ந்தால் சில்லு அசையாது. மறுகரை ஏறியதும் முதல் வேலை, நல்ல தண்ணீரில் செயினைக் கழுவித் தேங்காயெண்ணெய் விடுவதுதான். வவுனியாப் பக்கமிருந்து மண்ணெண்ணெய்க் கலன்களையும் மருந்தையும் சவர்க்காரத்தையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த வியாபாரிகளை ஊரார் 'கள்ளச் சாமான் விற்பவர்கள்' என்று வாயால் ஏசினாலும் அவர்கள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் கிளாலி. யாழ்ப்பாண நகரிலிருந்து இருபது மைலுக்கு மேல். கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் வரை கண்டி வீதியால் போய், அங்கிருந்து தெற்கே திரும்பித் தென்னந்தோட்டங்களுக்கு ஊடாக மணற்பாதையில் இறங்க வேண்டும். புலிகளிடம் பயண அனுமதி பெற்றவர்களே புறப்பட முடியும். அந்த அனுமதிக்காக ஒருவரைப் பிணைநிறுத்த வேண்டியிருந்த குடும்பங்களின் துன்பம் தனியே எழுதப்பட வேண்டியது. நிலவில்லாத இரவே விரும்பப்பட்டது. நாகதேவன்துறையிலிருந்து கடற்படை நீரேரியில் ரோந்து வரும். கரையில் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்து, இயந்திரம் பூட்டிய ஒரு படகு இழுத்துச் செல்லும். சைக்கிளைக் கரையில் விட்டுப் போவோருக்காகத் தென்னைகளுக்குக் கீழே காவல் கொட்டில்கள் இருந்தன. துண்டு ஒன்று தருவார்கள். திரும்பி வந்து துண்டைக் கொடுத்தால் சைக்கிள் கிடைக்கும்.

நான் மூன்று தடவைகள் கிளாலியைக் கடந்திருக்கின்றேன். என் நினைவில் நிற்பது கடலைவிட அந்தத் தென்னந்தோட்டப் பாதைதான். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரு வெளிச்சமுமின்றி ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். செயின் கவரில் செயின் உரசும் ஒலியும் மணல் நெரியும் ஒலியும் கரியரில் இருக்கும் குழந்தை அழுவதும் தவிர வேறு சத்தமில்லை. பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனைவி, அவளது மடியில் இன்னொரு பிள்ளை, ஹான்டிலில் இரண்டு பைகள். இப்படிப் போன குடும்பஸ்தர்களில் எவரும் விழுந்ததை நான் காணவில்லை.

1993 ஜனவரி 2 ஆம் திகதி இரவு நீரேரியில் சென்றுகொண்டிருந்த படகுகள் கடற்படையினரால் தாக்கப்பட்டன. பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். எத்தனை பேர் என்பதில் அன்றும் இணக்கமில்லை, இன்றும் இல்லை. சில வாரங்களின் பின்னர் காவல் கொட்டில் ஒன்றை நடத்தியவரைச் சந்தித்தபோது, துண்டு திரும்பாத சைக்கிள்களை அவர் தனியே ஓர் ஓரமாகச் சாத்தி வைத்திருந்தார். ஒன்றின் ஹான்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கியது. "ஆராவது சொந்தக்காரர் வருவினம் ஐயா, இருக்கட்டும்" என்றார். அவற்றின் ரயர்களுக்கு அந்நாளில் என்ன விலை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அந்த ஆண்டு நவம்பரில் பூநகரி, நாகதேவன்துறை முகாம்கள் தாக்கப்பட்டன. 1995 ஜனவரி 8 முதல் ஏப்ரல் 19 வரை, ஏறத்தாழ நூறு நாட்கள், சந்திரிகா அரசுக்கும் புலிகளுக்குமிடையே போர்நிறுத்தம் நிலவியது. அந்த நாட்களில் இளைஞர்கள் டைனமோவை வானொலியிலிருந்து கழற்றி மீண்டும் சைக்கிளில் பூட்டினார்கள். பருத்தித்துறை வீதியில் இரவு எட்டு மணிக்கு வரிசையாக வெளிச்சங்கள் நகர்ந்ததைப் பார்க்கவென்றே சிலர் படலையடியில் வந்து நின்றார்கள்.

ஒக்டோபர் 17 இல் 'சூரியக்கதிர்' நடவடிக்கை தொடங்கியது. 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு நாட்கணக்கில் சரியாக ஐந்து ஆண்டுகள். மழை பெய்துகொண்டிருந்தது. நான்கு இலட்சம், ஐந்து இலட்சம் என்று மதிப்பிடப்படும் மக்கள் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும், மறுபுறம் கோப்பாய் - கைதடிப் பாலத்தையும் நோக்கித் திரண்டனர். குடாநாட்டின் சைக்கிள்களிற் பெரும்பகுதி அன்றிரவு அந்த இரண்டு வழிகளிலும் நின்றிருக்கும். அவற்றில் ஒன்றையும் எவரும் ஓட்டவில்லை. ஓட்ட இடமில்லை. கரியரில் வயோதிபர்களைக் கட்டி வைத்து, பாரில் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஓரடி நகர்ந்து பத்து நிமிடம் நின்று, மீண்டும் ஓரடி நகர்ந்தார்கள். சாதாரண நாளில் சைக்கிளில் கால் மணித்தியாலத்தில் கடக்கும் தூரத்துக்கு விடியும்வரை எடுத்தது. எங்கள் குடும்பமும் அந்த வரிசையில் நின்றது. மழையில் நனைந்த என் தந்தையார் கரியரில் இருந்தபடி, பின்மட்கார்ட்டில் சேறு அப்பி வெள்ளை மறைந்துவிட்டதா என்று இரண்டு தடவைகள் கேட்டார். பின்னால் வருபவர் மோதிவிடுவார் என்ற கவலை அவருக்கு.

1996 ஏப்ரலில் தென்மராட்சி இராணுவத்தின் வசமானது. மக்களில் ஒரு பகுதியினர் கிளாலியைக் கடந்து வன்னிக்குப் போயினர். பெரும்பகுதியினர் வலிகாமம் திரும்பினர். சந்திக்குச் சந்தி காவலரண்கள். சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அப்பால் சென்று மீண்டும் ஏற வேண்டும். அந்த ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பட்டப்பகலில் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிக் காவலரணில் தடுத்து வைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டனர். 1998 இல் இராணுவத்தினர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டபோது, அவர்களில் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தினால்தான் செம்மணிப் புதைகுழிகள் வெளித்தெரிந்தன. வல்லைவெளிப் பேயைப் பற்றிக் கதை சொன்ன முதியவர்கள் செம்மணியைப் பற்றிக் கதை சொல்லவில்லை.

இரவு ஊரடங்கு வந்ததும் இருட்டில் சைக்கிள் ஓடும் கலை முடிவுக்கு வந்தது. அந்தி சாய்ந்தபின் தவிர்க்க முடியாமல் வெளியே போகிறவர், வரும்போதே தெரியட்டும் என்று டைனமோவைப் போட்டுக்கொண்டு, மணியை அடித்துக்கொண்டு போனார். முந்திய ஐந்தாண்டும் வெளிச்சத்துக்குச் சூடு விழுந்தது. இப்போது வெளிச்சமில்லாமைக்கு விழும். செருமிக்கொண்டு போகப் பழகியவர்கள் காவலரணை அண்மித்தபோது செருமலை அடக்கிக்கொண்டார்கள். 2002 இல் ஏ-9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, ஊரடங்கும் கூடவே திரும்பி வந்தது.

2009 இன் பின்னர் பழைய இரும்பு வாங்கும் லொறிகள் ஊர் ஊராக வந்தன. உழவு இயந்திரக் கலப்பை, துருப்பிடித்த வாளி, தையல் இயந்திரத்தின் கால் என்பவற்றோடு றலிகளும் ஹம்பர்களும் கிலோ கணக்கில் நிறுத்து ஏற்றப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் நிறுத்திய லொறிக்காரர் டைனமோவுக்கு மட்டும் தனி விலை சொன்னார். உள்ளே செம்புக்கம்பி இருக்கின்றதாம்.